பிள்ளைகள் சொன்ன பதிலையும் சேர்த்துப் பகிருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நான்கைந்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறீர்கள். தினமும் வீடியோ, பிடிஎஃப், ஒர்க்‌ஷீட், புதுச் செயலி என்று வந்து குவிகிறது. எடுத்து நடத்தினால் பாதிக்கு மேல் உங்கள் வகுப்பில் எடுபடவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது? நீங்கள் செய்வதை எப்படிப் பகிர்ந்தால் மற்றவர்களுக்கு உருப்படியாக உதவும்?

இருபத்து மூன்று வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். அதில் பாதிக் காலம் மற்ற ஆசிரியர்கள் இணையத்தில் போடுவதை எடுத்தும், நான் செய்ததைப் போட்டும் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எடுபடாமல் போவதற்கு உங்களை நொந்துகொள்ள வேண்டாம். நமக்கு வருகிற பொருளே பாதிதான் வருகிறது. ஆசிரியர் என்ன செய்தார் என்பது அதில் இருக்கும். பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள், எந்த இடத்தில் முழித்தார்கள், அதைப் பார்த்து ஆசிரியர் எங்கே வழியை மாற்றினார் என்பது இருக்காது. விடுபட்டுப்போன அந்தப் பாதியில்தான் பாடம் இருக்கிறது.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் மின்னோட்டவியல். சில வருடங்களுக்கு முன் ஒரு வீடியோ எங்கள் குழுவில் வந்தது. மின்னோட்டத்தைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டு அழகாக அனிமேஷன் செய்திருந்தார்கள். மேல்நிலைத் தொட்டிதான் செல் (மின்கலம்), குழாய்தான் கம்பி, ஓடுகிற தண்ணீர்தான் மின்னோட்டம். எனக்கு மிகவும் பிடித்துப்போய் மறுநாளே புரொஜெக்டரில் போட்டேன். பிள்ளைகளும் ரசித்துப் பார்த்தார்கள். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்து ஒரு கேள்வி கேட்டேன். ஒரே கம்பியில் அடுத்தடுத்து ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை இணைத்தால் எது அதிக வெளிச்சமாக எரியும்? (இரண்டும் ஒரே அளவில் எரியும் என்பதுதான் சரியான விடை.)

முக்கால்வாசிப் பேர் "முதல் பல்பு" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மொதத் தெருவுல மோட்டார் போட்டு இழுத்துட்டா எங்க தெருவுக்குத் தண்ணி வராதுல்ல மிஸ், அது மாதிரிதான்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் விடுவார்கள். கடைசித் தெருவில் குடம் நிறைய மணிக்கணக்கில் ஆகும். அவள் அந்தத் தெருப் பிள்ளை. குழாயில் ஓடும் தண்ணீர் வழியிலேயே தீர்ந்துபோகும் என்பது தண்ணீர் விடுகிற ஒவ்வொரு நாளும் அவள் பார்க்கிற உண்மை. வீடியோ எடுத்த ஆசிரியரின் ஊரில் தண்ணீர் ஒழுங்காக வந்திருக்கும் போல. அவருக்கு அந்த உவமை உதவியிருக்கலாம். என் வகுப்பில் அதே உவமை, மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடுகிறது என்ற தவறான எண்ணத்தை நன்றாக ஊன்றிவிட்டது.

மின்னோட்டம் செலவாகிறது என்று பிள்ளைகள் நினைப்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பல நாடுகளில் அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர்க் குழாய் உவமை அதற்கு எண்ணெய் ஊற்றும் என்பதை எனக்குச் சொன்னது கடைசித் தெருவில் குடத்தோடு நிற்கிற ஒரு பிள்ளை.

அப்புறம் உண்மையான பல்பையே வைத்துக் காட்டலாம் என்று போனேன். அங்கேயும் சறுக்கல். கடையில் வாங்கிய இரண்டு டார்ச் பல்புகளும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், வரிசையில் இணைத்தால் ஒன்று கொஞ்சம் கூடுதலாக எரிந்தது. அது முதலாவதாக வேறு இருந்துவிட்டது. "பாத்தீங்களா மிஸ்!" என்று வகுப்பே கத்தியது. அன்றைக்கு மணி அடித்துக் காப்பாற்றியது. மறுநாள் இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டேன். பிரகாசமாக எரிந்த பல்பு இரண்டாவது இடத்துக்குப் போன பிறகும் அப்படியே பிரகாசமாக எரிந்தது. வித்தியாசம் பல்பில் இருக்கிறது, இடத்தில் இல்லை என்று பிள்ளைகளே சொன்னார்கள். இந்த இடமாற்றத்தை நான் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. வீடியோ எடுப்பவர்கள் ஒத்துப்போகிற இரண்டு பல்புகளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டுதான் படம் பிடிப்பார்கள்.

தண்ணீர்க் குழாய்க்குப் பதில் சைக்கிள் செயினைப் பிடித்தேன். மிதிப்பது செல், பின்சக்கரம் பல்பு, செயின்தான் மின்னோட்டம். செயின் தேய்ந்து தீர்வதில்லை, சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனாலும் மிதிக்கிற உழைப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. இது எடுபட்டது. அடுத்து கயிறு. பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, நுனிகளை இணைத்த நீளமான பருத்திக் கயிற்றை எல்லோரும் விரல்களுக்குள் தளர்வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார், அவர் செல். எதிரே ஒருவர் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார், அவர் பல்பு. இறுக்கிப் பிடித்த பையன் "கை சுடுது மிஸ்" என்பான். அந்தச் சூடுதான் பல்பின் வெளிச்சம். நைலான் கயிறு மட்டும் வேண்டாம், உள்ளங்கை உரிந்துவிடும். இந்தக் கயிற்று விளையாட்டு என் கண்டுபிடிப்பல்ல, வெளிநாட்டு இயற்பியல் ஆசிரியர்கள் வெகுநாளாகச் செய்வது.

இதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து அப்படியே எழுதிப் போட்டேன். குழாய் வீடியோ போட்டது, அந்தப் பிள்ளை சொன்னது, பல்பு ஏமாற்றியது, கயிறு, எல்லாம். இரண்டு நாள் கழித்து ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் எழுதினார். "என் வகுப்பில் கயிற்றைச் சுற்றிய பிறகும் சில பேர், பல்புக்கு அப்புறம் கயிறு மெதுவாகப் போகிறது என்றார்கள். அதனால் கயிற்றில் ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டேன். பல்புக்கு முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தி, அரை நிமிடத்தில் எத்தனை முடிச்சு கடக்கிறது என்று எண்ணினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண்."

படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அவர் செய்தது வேறொன்றும் இல்லை, மின்னோட்டத்தை அளக்கிற அம்மீட்டர் ஒன்றைக் கயிற்றுக்கு மாட்டியிருக்கிறார். ஒரு விநாடியில் ஒரு புள்ளியைக் கடக்கும் மின்னூட்டம்தான் மின்னோட்டம் என்ற வரையறையைப் பிள்ளைகள் முடிச்சை எண்ணியே பிடித்துவிடுவார்கள். நான் வெறும் "கயிற்று மாதிரி, அருமையான செயல்பாடு" என்று ஒரு நிமிட வீடியோ போட்டிருந்தால் கைதட்டல் படங்கள் நாற்பது வந்திருக்கும். முடிச்சு வந்திருக்காது. எங்கே தடுமாறினேன் என்று எழுதியதால்தான் அவர் தன் தடுமாற்றத்தை எழுதினார்.

இது புதிய வழியும் இல்லை. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு கிராமப் பள்ளிகளில் செய்முறை வழி அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. அங்கே ஆசிரியர்கள் மாதா மாதம் கூடுவார்கள். எந்தச் சோதனை வகுப்பில் வேலை செய்யவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று பேசுவார்கள். அதை வைத்துப் பாடநூலே திருத்தி எழுதப்பட்டது. பிள்ளைகள் சந்தேகம் கேட்டுக் கடிதம் எழுதுவதற்கென்றே சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதரையும் வைத்திருந்தார்கள். நம்மிடம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற மாதாமாதக் குறுவளமையக் கூட்டம் இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது. ஹோஷங்காபாத்தில் பஸ் ஏறி வந்து பேசியதை நாம் அன்று மாலையே பேசிவிட முடியும். பேசுகிற விஷயம் மட்டும் மாற வேண்டும்.

ஏன் நம் வீடியோக்களில் பிள்ளைகள் இல்லை என்று யோசித்திருக்கிறேன். 2020இல் பள்ளிகள் மூடியபோதுதான் நம்மில் பலர் முதன்முதலாகக் கேமரா முன் நின்றோம். வெறும் பலகை, எதிரே போன், பேசப் பேச ஆமாம் போட ஒரு பிள்ளை இல்லை. அன்றைக்கு வேறு வழியில்லை, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பள்ளி திறந்த பிறகும் அந்த வடிவமே தங்கிவிட்டது. ஆசிரியர் பேசுகிறார், படம் நகர்கிறது, முடிகிறது. பாடம் தெரிந்த இன்னொரு ஆசிரியர் பார்த்தால் தெளிவாக இருக்கிறது என்று தோன்றும். தெரியாத பிள்ளைக்கு என்ன தோன்றும் என்பது அதில் எங்கேயும் பதிவாகவில்லை.

சரி, எதை எடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, இது ஓடும்போது என் பிள்ளையின் கைக்கும் மூளைக்கும் என்ன வேலை என்பதைத்தான். பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போடுவதில்லை. அடுத்து, வகுப்பில் ஒரே ஒரு போன், அதுவும் என் போன், என் டேட்டா என்ற நிலையில் இது நடக்குமா என்று பார்ப்பேன். நடக்காது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, ஹைடெக் லேப் இருக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பாடவேளை நாற்பது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் ஒயர் மாட்டுவதில் போனால் அது பாடமல்ல.

ஒரே போனில் நடக்கிறவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண்ணுள்ள காகித அட்டை. அதில் கருப்பு வெள்ளைக் கட்டமாக ஒரு வடிவம் இருக்கும், நான்கு ஓரங்களிலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. பதிலுக்கான ஓரம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை வீசினால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று போனில் வந்துவிடும். ஒவ்வொருவர் அட்டையும் வேறு வடிவம், எழுத்தும் பொடியாக இருக்கும். அதனால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுத வழியில்லை. கை தூக்கச் சொன்னால் எப்போதும் அதே ஐந்து பேர்தான் தூக்குவார்கள். இதில் வாயே திறக்காத பிள்ளையும் தினமும் பதில் சொல்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

இதிலும் யாரும் சொல்லாமல் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று பளபளப்பாக லேமினேட் செய்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னியதில் கேமரா பாதி அட்டைகளைப் படிக்கவில்லை. கெட்டித் தாளில் அச்சடித்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அச்சடிக்கவும் வசதி இல்லையா, விரலைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

அந்தக் கேள்விகளைத் தயாரிப்பதில்தான் நம் உழைப்பு போக வேண்டும். தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பிள்ளை உண்மையிலேயே நினைக்கிற தவறாக இருக்க வேண்டும். "மின்னோட்டத்தின் அலகு என்ன" என்று கேட்டால் மனப்பாடம் தெரியும். "முதல் பல்பு, இரண்டாம் பல்பு, இரண்டும் ஒரே மாதிரி, எதுவும் எரியாது" என்று நான்கு விடை கொடுத்தால் மனசு தெரியும். இப்படி ஒரு கேள்வியை, எந்த விடைக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கோடு யாராவது அனுப்பினால் நான் உடனே எடுத்து வைத்துக்கொள்வேன். ஐம்பது பக்க வினா வங்கியைவிட அது எனக்குப் பயன்படும்.

போனைக் கேமராவாக மட்டும் பயன்படுத்துவதும் நிறைய உதவும். நான்கு பாடப் புத்தகங்களை அடுக்கி, மேலே ஸ்கேலை வைத்து, போனைக் கவிழ்த்துப் புரொஜெக்டரில் இணைத்தால் மேசையில் வைக்கும் நோட்டு சுவரில் பெரிதாகத் தெரியும். ஒரு பிள்ளை போட்ட படத்தைக் காட்டி, "இதில் எது சரியாக இருக்கிறது, எதை மாற்றலாம்" என்று எல்லோரும் பேசலாம். பூவின் குறுக்குவெட்டைப் பிளேடால் வெட்டிக் காட்டும்போது நாற்பது தலைகள் மேசையைச் சுற்றி முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும் பாடத்தில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பிள்ளைகளையே எண்ணவைக்கலாம்.

கணினியில் செய்யும் பாவனைச் சோதனைகளில் ஃபெட் (PhET) என்ற தொகுப்பை நம்பி எடுக்கலாம். 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது. முழுக்க இலவசம், தமிழில் மொழிபெயர்த்தவையும் உண்டு, தரவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். மின்சுற்றுக்கான பாவனையில் எலக்ட்ரான்கள் நீலக் குண்டுகளாக ஓடுவது தெரியும். பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஓடுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். ஆனால் நான் இதை எப்போதும் கடைசியில்தான் காட்டுவேன். முதலில் உண்மையான பல்பு, செல், ஒயர், பிறகு கயிறு, பிறகு திரை. முதலிலேயே திரையைக் காட்டிய வருடம், "அது கம்ப்யூட்டர்ல மிஸ், நிஜத்துல அப்படி இருக்காது" என்று ஒரு பையன் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. திரையில் வரைந்தவர் எதை வேண்டுமானாலும் ஓடவைக்கலாம் என்று அவனுக்குத் தெரியும்.

இழை பல்பு கிடைக்கவில்லை, கடையில் எல்லாம் எல்இடிதான் என்று நீங்கள் சொல்வீர்கள். திருவிழாவுக்கு லைட் போடுகிற மைக்செட் கடையில் பழைய சீரியல் செட் கேளுங்கள். அதில் உள்ள அரிசி பல்புகளைத் தனியாக வெட்டி எடுத்து ஒன்பது வோல்ட் பேட்டரியில் இணைக்கலாம். வீட்டு மின்சாரத்தில் மாட்டியபடி அதைத் தொடவே கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், வீட்டில் போய்ச் செய்து பார்ப்பார்கள்.

தொழில்நுட்பமே தேவைப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இணையத்தில் வரவே வராது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று வகுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மேசைக்கடியில் விரல் மடக்கி எண்ணிப் பழகினேன். ஆனால் வீடியோ எடிட் செய்பவர் முதலில் வெட்டுவது இந்த மௌனத்தைத்தான். இணையத்தில் நாம் பார்க்கிற மாதிரி வகுப்புகளில் பிள்ளைகள் டக்டக்கென்று பதில் சொல்வதைப் பார்த்துவிட்டு, நம் வகுப்பு மந்தமாக இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு கிராமத்து ஆசிரியரின் யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரஞ்சித்சிங் டிசாலேவைச் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடியில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாடநூலில் க்யூஆர் கோடு ஒட்டிப் பாடங்களை இணைத்தார், பிறகு அந்த வழி மாநிலப் பாடநூல்களுக்கே போனது. 2020இல் உலக ஆசிரியர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தபோது, பாதியை மற்ற ஒன்பது இறுதிப் போட்டியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது. என் ஆதங்கம், அதை ஸ்கேன் செய்தால் பாடம் வருகிறது, ஆனால் அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர்களின் அனுபவம் அங்கே வருவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே, "என் பிள்ளைகள் இங்கே இப்படி நினைத்தார்கள்" என்று இருபது ஆசிரியர்கள் எழுதிய இருபது வரிகள் இருந்தால் எப்படி இருக்கும்!

இனி நீங்கள் பகிர்வதைப் பற்றி. வகுப்பு, எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆனது, என்ன பொருள் தேவைப்பட்டது, இவ்வளவும் இரண்டு வரி போதும். அதற்கடுத்து நீங்கள் எதிர்பார்க்காத பதில் ஒன்றை, பிள்ளை சொன்ன அதே பேச்சு வார்த்தையில் எழுதுங்கள். "மாணவர்களிடையே சில ஐயங்கள் எழுந்தன" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "மொதத் தெருவுல மோட்டார் போட்டு இழுத்துட்டா" என்று எழுதினால், படிக்கிற ஆசிரியர் தன் ஊரின் தண்ணீர் நிலவரத்தை யோசிப்பார். கடைசியில், அடுத்த தடவை எதை மாற்றுவீர்கள் என்று ஒரு வரி. தட்டச்சு செய்யச் சோம்பலாக இருந்தால் போனில் தமிழில் பேசியே எழுதலாம், இப்போது நன்றாகவே வருகிறது.

எல்லாக் கணினியிலும் போனிலும் படிக்க முடிகிற யூனிகோட் எழுத்து முறையில் எழுதுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்கள் இன்றும் வருகின்றன. என் கணினியில் திறந்தால் எழுத்து முழுக்கக் குப்பை. தேடினால் கிடைக்காது, திருத்தவும் முடியாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் அனுப்புவதும் அப்படித்தான். உங்கள் ஒர்க்‌ஷீட்டில் "தென்னந்தோப்பு" என்று இருப்பதை நான் "உப்பளம்" என்று மாற்ற முடிய வேண்டும். திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுத்தால்தான் அது இன்னொரு வகுப்புக்குப் போகும்.

பிள்ளைகளின் முகமும் பெயரும் வேண்டாம். கையை எடுங்கள், நோட்டை எடுங்கள், செய்த பொருளை எடுங்கள். மெல்லக் கற்போர் பட்டியல் பெயரும் மதிப்பெண்ணுமாக முந்நூறு பேர் உள்ள குழுவில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன், மனசு பதறியது. அந்தப் பிள்ளை பெரியவளாகி ஒருநாள் அதைப் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்? 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம் அது. தவறான பதிலை அப்படியே எழுதச் சொன்னேனே, பெயர் இல்லாமல் எழுதினால்தான் அது நியாயம்.

இன்னொருவர் செய்ததை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். ஒரு ஆசிரியை இரண்டு வருடம் உழைத்துச் செய்த படத்தொகுப்பில் அவர் பெயரைக் கத்தரித்துவிட்டு வேறொருவர் தன் சேனல் சின்னத்தைப் போட்டுப் பரப்பினார். அந்த ஆசிரியை அதன் பிறகு எதையும் பகிர்வதில்லை. நமக்கு நஷ்டம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய பாடக்குறிப்பையும் அப்படியே அனுப்ப வேண்டாம், நம் பாடநூல் கலைச்சொற்களோடு ஒப்பிட்டுத் திருத்தி, வகுப்பில் நடத்திப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

எங்கே பகிர்வது என்பதும் முக்கியம். அதிகாரிகளும் இருக்கிற பெரிய குழுவில் யாரும் "என் வகுப்பில் இது ஊற்றிக்கொண்டது" என்று எழுத மாட்டார்கள், எழுதவும் முடியாது. அந்தக் குழு சுற்றறிக்கைக்கு இருக்கட்டும். ஒரே பாடம், ஒரே வகுப்பு நடத்துகிற எட்டுப் பத்துப் பேரை வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள். காலை வணக்கப் படம் கிடையாது, பார்வர்டு கிடையாது, தான் நடத்திப் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். எங்கள் சிறு குழுவில் வாரத்துக்கு இரண்டு பதிவு வந்தாலே அதிகம். அந்த இரண்டையும் எல்லோரும் படிக்கிறோம்.

போன வருடம் கயிற்றுப் பாடம் முடிந்து பிள்ளைகள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்: "சுவிட்ச் போட்ட ஒடனே பல்பு எரியுதே மிஸ். செல்லுல இருந்து கெளம்பி பல்புக்கு வர நேரம் ஆகாதா? எங்க வீட்டுக் கொழாயில மொதல்ல காத்துதான் வரும்." மறுபடியும் தண்ணீர்க் குழாய். சுருட்டிய கயிற்றைத் திரும்பப் பிரித்து எல்லோரையும் பிடிக்கச் சொன்னேன். செல்லாக நின்றவள் ஒரே ஒரு முறை வெடுக்கென்று இழுத்தாள். எல்லோர் விரலிலும் ஒரே நேரத்தில் கயிறு நகர்ந்தது. "கயிறு ஏற்கெனவே எல்லா எடத்துலயும் இருக்கு மிஸ், காத்து இல்ல" என்றான் அவனே.

இரண்டாம் பருவத்தில் நீங்களும் இந்தப் பாடத்துக்கு வருவீர்கள். முடிச்சுப் போட்ட கயிற்றோடு நடத்திப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், என் குழுவில் காத்திருக்கிறார்கள்.